கேமராவை யார் பிடிப்பது?

(ஜொகூர் மாநிலத் தோட்டப்புற மகளிரும் இளைஞரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நாள் வேலையை முடித்து, வீட்டுக் காரியங்களையும் கவனித்துவிட்டு இந்த மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆகவே சுற்றி வளைக்காமல் செய்திக்கு வருகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது புகைப்படத்தைப் பற்றி. அழகாகப் படம் எடுப்பது எப்படி என்பதைப் பற்றியன்று. ஒரு தோட்டத்தின் வாழ்க்கையைப் படம் எடுக்க வேண்டுமானால் கேமராவை யார் பிடிப்பது என்பதுதான் நமது கேள்வி.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வாண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. நம் பாட்டன் பாட்டியரில் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கேமராவுக்கு முன்னே நின்றது அந்தக் கார்டுக்காகத்தான். அவர்கள் விரும்பி நின்ற படமன்று அது. நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள். இன்றைக்கும் சில குடும்பங்களில் பாட்டியின் ஒரே படமாக இருப்பது, அடையாளக் கார்டிலிருந்து பெரிதாக்கிச் சுவரில் மாட்டிய அந்தப் படமே.

பிறகு திரைப்படங்கள் வந்தன. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. அது தயாரித்த படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுவந்தன. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய இரவுகளை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுகாதாரமும் சேமிப்பும் பற்றி அப்படங்கள் பயனுள்ள பல செய்திகளைச் சொல்லின. ஆயினும் படம் வெளியிலிருந்து வந்தது. நாம் உட்கார்ந்து பார்த்தோம். சொல்பவர் ஒருவர், கேட்பவர் மற்றொருவர் என்ற ஏற்பாடு அது.

எங்கள் இலாகாவினரின் பங்கையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாக நாங்கள் தோட்டங்களுக்கு வந்து படம் எடுத்திருக்கிறோம். பரிசளிப்பு விழா, மரம் நடு விழா, புதிய மண்டபத் திறப்பு விழா, பிரமுகர் வருகை ஆகியவை அந்தப் படங்களின் பொருள். நடுவில் மாலையணிந்த விருந்தினர், இருபுறமும் நீங்கள். படத்தின் கீழே விருந்தினரின் பெயர் அச்சாகும். உங்களைப் பற்றித் ‘தோட்ட மக்கள்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே லயத்து வீடுகள் செப்பனிடப்பட்டிருந்தன. அதைப் படம் எடுக்கச் சென்றோம். வடிகால்கள் கழுவி விடப்பட்டிருந்தன. வேலிகளுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நல்ல படங்கள் கிடைத்தன. புறப்படும் வேளையில் ஒரு மூதாட்டி வண்டியருகே வந்து, “ஐயா, இன்னிக்கு எடுத்தீங்க, சந்தோசம். மழ பேஞ்ச மறுநாளு வந்து ஒரு படம் எடுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். மழை பெய்த மறுநாள் போகவில்லை. படம் பிரசுரமாயிற்று. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த மூதாட்டிக்குத் தெரிந்திருந்த உண்மை அதில் இல்லை.

அன்று அவர் கையில் ஒரு கேமரா இருந்திருந்தால் எங்களை அழைத்திருக்கவே தேவையில்லை. மழை பெய்த மறுநாள் அவரே எடுத்திருப்பார். இன்று நாம் பேச வந்த முறையின் சாரம் இதுதான். மக்களைப் பற்றி வெளியார் படம் எடுத்து ஆராய்வதற்குப் பதிலாக, மக்களே தம் வாழ்க்கையைப் படம் எடுத்து, தாமே கூடி ஆராய்ந்து, முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களிடம் தாமே எடுத்துச் சொல்வது. ஆங்கிலத்தில் இதற்குப் ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர். நாம் இதனைப் ‘படக்குரல்’ என்று அழைப்போம்.

இம்முறையின் வேர் ஓர் ஆசிரியரின் வகுப்பறையில் இருக்கிறது. பிரேசில் நாட்டைச் சேர்ந்த பாவ்லோ ஃபிரேயிரே என்பவர் 1963இல் ஆங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு ஊட்டும் பணியை மேற்கொண்டார். அரிச்சுவடியோடு அவர் தொடங்கவில்லை. அவர்களுடைய அன்றாட வாழ்வைக் காட்டும் சித்திரங்களை முன்வைத்து, “இதில் என்ன காண்கிறீர்கள்?” என்று கேட்டார். பேச்சு எழுந்தது, பேச்சிலிருந்து சொல் எழுந்தது, சொல்லிலிருந்து எழுத்து வந்தது. அடுத்த ஆண்டிலேயே பிரேசிலில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. ஃபிரேயிரே சிறையிலடைக்கப்பட்டு, பின்னர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஏழைகள் தம் நிலையைத் தாமே எண்ணிப் பார்க்கத் தொடங்குவதை எல்லா ஆட்சிகளும் விரும்புவதில்லை என்பதற்கு அது சான்று.

1973இல் பெரு நாட்டில் நடந்த ஓர் எழுத்தறிவு இயக்கத்தில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். படத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, கேமராவையே மக்களிடம் கொடுத்து, கேள்விக்குப் படத்தால் விடை சொல்லுமாறு கேட்டார்கள். அகுஸ்தோ போவால் என்னும் நாடகாசிரியர் இதைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். “சுரண்டல் என்றால் என்ன?” என்பது ஒரு கேள்வி. சிலர் கடைக்காரரைப் படம் எடுத்து வந்தார்கள். சிலர் வீட்டுக்காரரை எடுத்து வந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் சுவரில் அடித்திருந்த ஓர் ஆணியைப் படம் எடுத்து வந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றச் சிறுவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் நகரில் காலணிக்கு மெருகு போடும் சிறுவர்கள். வீடு வெகுதூரம், பெட்டியோ பாரம். ஆகவே இரவில் பெட்டியைக் கடைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஆணிக்குக் கடைக்காரர்கள் அவர்களிடம் வாடகை வாங்கினார்கள்!

எந்த ஆராய்ச்சியாளரும் அந்த ஆணியைப் படம் எடுத்திருக்க மாட்டார். அது அவர் கண்ணுக்கு ஆணியாகவே பட்டிருக்காது. நமது தோட்டங்களிலும் அத்தகைய ஆணிகள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

‘படக்குரல்’ ஒரு முறையாக வகுக்கப்பட்டது சீனாவின் யுன்னான் மாநிலத்தில். கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இரு பெண்மணிகள் 1992இல் தொடங்கிய பணியில் செங்ஜியாங், லூலியாங் என்னும் இரு மாவட்டங்களைச் சேர்ந்த 62 கிராமப் பெண்களுக்குக் கேமரா கொடுக்கப்பட்டது. அப்பெண்களில் பலர் எழுத்தறிவில்லாதவர்கள். அவர்கள் தம் வேலையை, நீரை, பிரசவத்தை, பிள்ளைகளை, களைப்பைப் படம் எடுத்தார்கள். பின்னர் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் கதை சொன்னார்கள்.

அவற்றுள் ஒரு படம் பெரிதும் பேசப்பட்டது. ஒரு தாய் சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய குழந்தை தனியே தரையில் கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒருவர் இதைப் பார்த்தால், “என்ன கவனமில்லாத தாய்!” என்று சொல்லிவிடக் கூடும். ஆனால் அக்கிராமத்துப் பெண்கள் அதில் தங்கள் வாழ்க்கையைக் கண்டார்கள். பருவ வேலை காத்திராது. வீட்டில் பிள்ளையைப் பார்க்க முதியவர் இல்லையெனில் காட்டுக்குத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். புழுதியும் மழையும் பிள்ளையின் உடலைக் கெடுக்கும். இது தாயின் குறையன்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமில்லாத குறை என்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதிகாரிகள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். அந்தப் பெண்களின் சொல்லையும் கேட்டார்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையம், மருத்துவச்சியர் பயிற்சி, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி உதவி ஆகியவற்றில் நடவடிக்கைகள் பிறந்தன.

தாய்மார்களே, இந்தக் கதையில் உங்களுக்குப் புதியது ஏதுமில்லை. நம் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை எதற்காக ஏற்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டுவிட்டு, பால்மரக் காட்டுக்கு ஓடிய தாய்மார்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அந்த ஓட்டத்தை யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா? மரத்தையும் பாலையும் இயந்திரத்தையும் எடுத்தார்கள்; பால்வெட்டுக்காரப் பெண்ணை அவள் கத்தியோடு நிறுத்தி எடுத்தார்கள். அந்த விடியற்காலை ஓட்டத்தை எடுக்கவில்லை. அதை எடுக்கவேண்டும் என்று தோன்றக்கூடியவள் ஓடிய பெண் ஒருத்தியே.

இந்தியாவிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் உண்டு. குஜராத்தின் அகமதாபாத் நகரில் ‘சேவா’ என்னும் சுயதொழில் மகளிர் சங்கம் 1984இல் தன் உறுப்பினர்களுக்கு வீடியோப் பயிற்சி அளித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் பயின்று, தங்கள் தொழிலையும் வழக்குகளையும் தாங்களே பதிவு செய்தார்கள். நம் தமிழ்நாட்டில் மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், மீன் விற்றுப் பிழைத்த ஒரு தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தவர். அவர் தாம் எடுத்ததோடு நின்றுவிடவில்லை. துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவச் சமூகத்தினருக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார். வெளியார் எடுக்கும் படத்தில் இரக்கம் இருக்கலாம். தன் தாயின் உழைப்பைத் தானே எடுக்கும் பிள்ளையின் படத்தில் இரக்கத்தோடு மரியாதையும் இருக்கிறது.

ஜொகூருக்கு வருவோம். நம் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கெலாங் பாத்தாவை அடுத்துத் தஞ்சோங் கூப்பாங் என்னும் கடற்கரை முக்கிம் இருக்கிறது. அங்குள்ள மலாய் மீனவ கிராமத்து இளைஞர்கள் 2008 முதல் ‘கெலாப் அலாமி’ என்னும் குழுவாக இயங்கி வருகிறார்கள். செரினா ரஹ்மான் என்னும் ஆய்வாளர் அவர்களுக்குத் துணை நின்றார். தங்கள் கடலிலுள்ள கடற்புல் திட்டுகளையும் அங்கு வாழும் உயிர்களையும் அடையாளங்கண்டு, அளந்து, பதிவு செய்ய அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இது படக்குரல் என்ற பெயரில் நடந்த முயற்சியன்று. ஆனாலும் உள்ளூர் மக்களே தங்கள் இடத்தை ஆராய்ந்து தாங்களே பேசினார்கள் என்ற அடிப்படை ஒன்றே.

2014இல் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காக அக்கடலில் மண் கொட்டித் தூர்க்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டு நடுவில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு கோரப்பட்டது. பின்னர்த் திட்டம் திருத்தப்பட்டு 2015இல் ஒப்புதல் பெற்றது, பணியும் தொடர்ந்தது. கடற்புல்லின் ஒரு பகுதி அழிந்தது. பதிவு செய்துவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நாம் உங்களிடம் சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கே என்ன இருந்தது என்பதை அந்த ஊரார் ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. “அங்கே ஒன்றுமில்லை, வெறும் சேறு” என்று யாரும் தட்டிக் கழிக்க முடியவில்லை. அந்த இளைஞர்கள் தங்கள் கடலைப் பற்றி வெளியாருக்கு விளக்கிச் சொல்லும் ஆற்றலையும் பெற்றார்கள். இழப்பு நேர்ந்த பின்னும் அந்த ஆற்றல் அவர்களிடம் இருக்கிறது.

இனி, இதை ஒரு தோட்டத்தில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். பெரிய செலவு வேண்டியதில்லை. இப்பொழுது வீட்டுக்கு வீடு கைபேசி இருக்கிறது. அதிலுள்ள கேமரா போதும். கைபேசி இல்லாதவர்க்குக் குழுவிலுள்ள இன்னொருவர் இரவல் கொடுக்கலாம்.

முதலாவது, 8 முதல் 10 பேர் கொண்ட ஒரு குழு அமையட்டும். அதில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும். பால்வெட்டும் செம்பனை வேலையும் செய்பவர், ஓய்வு பெற்றவர், பள்ளியிறுதி மாணவர், வீட்டில் இருக்கும் தாய் என்று பலதரப்பட்டவர்களும் இருக்கட்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் மட்டும் கூடினால் தலைவர்களின் குரல்தான் கேட்கும்.

இரண்டாவது, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். “நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வருவது எப்படி?” “மழைக்காலத்தில் நம் லயம் எப்படி இருக்கிறது?” “இங்கே நாம் பெருமைப்படுவது எது?” என்பன போன்றவை. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. படக்குரலை வகுத்தவர்கள் மக்களின் குறைகளோடு அவர்களின் பலத்தையும் பதிவு செய்யச் சொன்னார்கள். கோவில் திருவிழாவுக்கு நாம் வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கும், இறப்பு வீட்டில் சொல்லாமலே வந்து நிற்கும் அண்டை வீட்டாரும், லயத்துப் பின்புறக் கீரைப் பாத்தியும் நம் பலம் அல்லவா?

மூன்றாவது, இரண்டு வார காலம் ஒவ்வொருவரும் படம் எடுக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் படங்களுள் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் குழுவின் முன் வைக்கட்டும். தேர்ந்தெடுப்பவர் படம் எடுத்தவரே. ஆசிரியரோ அதிகாரியோ அல்லர்.

நான்காவது, படத்தைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். இதில் என்ன தெரிகிறது? உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? இது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது? இந்நிலை ஏன் ஏற்பட்டது? நாம் என்ன செய்யலாம்?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் முனையில், விடியற்காலையில், மூன்று பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் நிற்கிறார்கள். மழை தூறுகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பக்கத்தில் போகிறது. இவ்வளவுதான் படம். முதல் வினாவுக்கு விடை இதுவே. இரண்டாம் வினாவைக் கேட்டவுடன் ஒருவர் சொல்வார், தோட்டத்துச் சாலை குண்டும் குழியுமாக இருப்பதால் பள்ளிப் பேருந்து உள்ளே வருவதில்லை, ஆகவே பிள்ளைகள் முனைவரை நடக்கிறார்கள் என்று. மூன்றாம் வினாவுக்கு ஒரு தாய் சொல்வார், அந்த நேரம் தமக்குப் பெரட்டு நேரம், பிள்ளையோடு போய் நிற்க முடியாது, நாள்தோறும் மனம் பதைக்கிறது என்று. நான்காம் வினாவில்தான் முடிச்சு அவிழும். உள்சாலை நிர்வாகத்தின் பொறுப்பு. பெரிய சாலை அரசாங்கத்தின் பொறுப்பு. இரண்டும் சேரும் முனையில் ஒரு கூரை கட்டுவது யாருடைய பொறுப்பும் இல்லை என்று விடப்பட்டிருக்கிறது. ஐந்தாம் வினாவுக்கு விடை இப்பொழுது எளிதாகிறது. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம், இரண்டிலும் அந்தப் படம். அதுவரை ஓய்வு பெற்ற பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு போய் நிற்பது.

“பெற்றோர் கவனமில்லை” என்று முடிந்துபோயிருக்கக்கூடிய பேச்சு, இரண்டு கடிதங்களிலும் ஓர் ஏற்பாட்டிலும் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? ஒரு புகாரை வாயால் சொல்லும்போது அதனை மறுக்கலாம், மறக்கலாம். படமும், அதை எடுத்தவர் தம் சொந்தச் சொற்களில் எழுதிய நாலு வரியும், நாளும் நேரமும் சேர்ந்தால் அது ஆவணமாகிவிடுகிறது. எழுதத் தெரியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். மொழியை யாரும் திருத்த வேண்டாம். பாட்டி பேசுகிறபடியே இருக்கட்டும்.

ஐந்தாவது, படங்களை மக்கள் பார்க்க வைக்க வேண்டும். கோவில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு மாலை நேரக் கண்காட்சி போதும். நிர்வாகியை அழையுங்கள், தொழிற்சங்கப் பிரதிநிதியை அழையுங்கள், சட்டமன்ற உறுப்பினரை அழையுங்கள், எங்களையும் அழையுங்கள். தோட்ட வீடுகளுக்கும் நீர், மின்சார வசதிகளுக்கும் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் தரம் வகுத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த அது, 2019இல் திருத்தப்பட்டு மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் இலாகாவின் பணி. ஆகவே நீங்கள் படத்தோடு போய் நிற்கும்போது சலுகை கேட்டு நிற்கவில்லை. சட்டத்தில் உள்ளதைக் கேட்கிறீர்கள்.

இனிச் சில எச்சரிக்கைகள். இவற்றைச் சொல்லாவிட்டால் நமது பேச்சு அரைகுறையாகிவிடும்.

பிறரைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். “எதற்காக?” என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் அத்தோடு விடுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். குடித்து விழுந்து கிடப்பவரையும், சண்டையில் அழுகிற பெண்ணையும் எடுக்காதீர்கள். குடியினால் வரும் துன்பத்தைக் காட்ட வேண்டுமானால் வெறும் அரிசிப் பானை போதும். மனிதரின் முகம் தேவையில்லை.

நம் தோட்டங்களில் இப்பொழுது இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். அன்று நம் முன்னோர் வந்தது போலவே கடன்பட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களின் முகம் வெளியானால் அவர்களுக்கு எத்தகைய ஆபத்து நேரும் என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் குழுவில் சேர விரும்பினால் வரவேற்போம். விரும்பாவிட்டால் அவர்களைப் படத்திற்குள் இழுக்க வேண்டாம்.

எடுத்தவுடன் கைபேசியில் ஊரெல்லாம் அனுப்பிவிடும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. குழு கூடிப் பேசி முடிவெடுக்கும் வரை ஒரு படமும் வெளியே போகக்கூடாது. போனது திரும்பி வராது. அதுபோலவே ஆலைக்குள்ளும் மருந்து தெளிக்கும் இடத்திலும் நிர்வாகத்தின் அனுமதியின்றி நுழைய வேண்டாம். இம்முயற்சி நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பதற்காக அன்று. முன்கூட்டியே நிர்வாகியிடம் சென்று, செய்யப் போவதை விளக்கிச் சொல்லுங்கள். மறைவாகச் செய்யும் காரியத்துக்கு மதிப்புக் குறைவு.

கடைசி எச்சரிக்கை எங்களைப் போன்றவர்களுக்கு. மக்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் மனத்தைத் திறந்து பேச வைத்து, படங்களைப் பாராட்டி, கண்காட்சியில் தேநீர் அருந்திவிட்டு, பிறகு ஒன்றும் செய்யாமல் போய்விடுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கொடிது. மழை பெய்த மறுநாள் வரச்சொன்ன மூதாட்டியை ஒருமுறை ஏமாற்றியவர்கள் நாங்கள். ஆகவே கண்காட்சியன்றே, எந்தக் குறைக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் பதில் என்பதை எல்லோர் முன்னிலையிலும் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே கோணத்தில், அதே ஆள் இன்னொரு படம் எடுக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் வாக்குக் காப்பாற்றினார், யார் காப்பாற்றவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இன்னுமொரு காரணமும் இப்பணியை அவசரமாக்குகிறது. 1909இல் ஜொகூர் இரயில்பாதை நிறைவெய்தியது. அதையொட்டி லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று நீண்ட வழியெங்கும் நம் முன்னோர் காடழித்து ரப்பர் நட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. லயம் இடிபடும், மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போவார்கள், பள்ளி இடம் மாறும், கோவில் மட்டும் சில காலம் தனியே நிற்கும். பிறகு அங்கே ஒரு தோட்டம் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எதைக் காட்டுவோம்? திறப்பு விழாப் படங்களையா? பெரட்டுக் களத்தை, ஆயாக்கொட்டகையை, குழாயடியை, மாரியம்மன் கோவில் வேப்பமரத்தை எந்தப் பத்திரிகைக்காரரும் வந்து எடுக்கப் போவதில்லை. அங்கே வாழ்ந்தவர்கள்தாம் எடுக்க வேண்டும். இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

அன்பர்களே, கேமரா ஒன்றும் மந்திரக்கோல் அன்று. அது கூலியை உயர்த்தாது, கூரையைப் போடாது. ஆனால் ஒரு பெண் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகியின் முன்னும் அதிகாரியின் முன்னும் நின்று, “இது நான் எடுத்தது, இதில் இருப்பது இன்னது” என்று சொல்லும்போது, அவள் அதுவரை இருந்த இடத்திலிருந்து ஓரடி முன்னால் வந்துவிடுகிறாள். அந்த ஓரடியை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளே எடுத்து வைத்தாள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல் குழுப்படம் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்வோம். ஆனால் இம்முறை கேமராவை உங்களில் ஒருவர் பிடியுங்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். நாங்கள் நிற்கிறோம்.